கல்யாண கேசட்டை டிவிடியில் ஏற்ற: பிட்ரேட் கணக்கும் மற்ற அமைப்புகளும்

பழைய விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் பதிவுசெய்து முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் நீளம். பிட்ரேட்டை, அதாவது ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவிடும் தரவின் அளவை, முடிவு செய்வது அதுதான். மென்பொருளில் "உயர்தரம்" என்று இருப்பதை அப்படியே தேர்ந்தெடுத்தால், ஒன்று தட்டில் இடம் போதாது, இல்லை பாதித் தட்டு காலியாகக் கிடக்கும்.

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 3 கோடியே 76 லட்சம் கிலோபிட். அதை வீடியோ ஓடும் வினாடிகளால் வகுங்கள். வருவதில் 5 சதவீதத்தை மெனுவுக்கும் கோப்பு அமைப்புக்கும் விட்டு, ஒலிக்கு 192 கழியுங்கள். 2 மணி நேரக் கேசட் என்றால் 37600000 ÷ 7200 = 5222; கழித்தது போக 4700 கேபிபிஎஸ் (வினாடிக்குக் கிலோபிட்) தாராளமாக வைக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு 6400. ஒரு மணி நேரம்தான் என்றால் கணக்கு 9000க்கு மேல் போகும், ஆனாலும் 8000ஐத் தாண்ட வேண்டாம். படத்துக்கு 9800 வரை டிவிடி விதி அனுமதிக்கிறது. ஆனால் வீட்டில் எழுதிய தட்டுகளை அந்த வேகத்தில் படிக்கப் பல பிளேயர்கள் திணறி, படம் நின்று நின்று ஓடும்.

7000க்குக் கீழே போனால் இருமுறை விபிஆர் முறையே நல்லது: மென்பொருள் வீடியோவை முதலில் ஒருமுறை அலசிவிட்டு, காட்சிக்கு ஏற்பப் பிட்ரேட்டை மாற்றி எழுதும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் அசையாத காட்சியில் மிச்சமாகும் பிட்கள் கடினமான காட்சிக்குப் போய்ச் சேரும். கல்யாண வீடியோவில், டிவிடியின் சுருக்க முறையான எம்பெக்-2க்கு மிகக் கடினமான இடம் அட்சதை தூவும் நேரம்: நூற்றுக்கணக்கான அரிசிமணிகள் ஆளுக்கொரு திசையில் பறக்க, கூடவே கேமரா ஃபிளாஷ்கள் மின்னும். பிட்ரேட் போதவில்லை என்றால் மணமக்கள் முகம் கட்டம் கட்டமாக உடைவது அங்கேதான். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி என்கோட் செய்து (சுருக்கி எழுதி) பாருங்கள்; அது நன்றாக வந்தால் மற்ற இடங்களும் நன்றாகவே வரும்.

3 மணி நேரக் கேசட்டுக்கு 3100தான் மிஞ்சும். அப்போது படத்தின் முழு அளவான 720×576ஐ விட்டு 352×576க்கு இறங்குங்கள். விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் துல்லியமே சுமார் 240 கோடுகள்தான், அதனால் இழப்பு பெரிதாகத் தெரியாது. உயரத்தை மட்டும் தொடக்கூடாது. கேசட்டின் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு ஃபீல்டுகளாகப் பின்னிய இன்டர்லேஸ் படம்; அதை மேலும் கீழும் சுருக்கினால் இரண்டு ஃபீல்டுகளும் கலந்து குழம்பிவிடும்.

ஃபீல்டுகளை ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸும் செய்ய வேண்டாம். நம் ஊர்க் கேசட்டுகள் பிஏஎல் என்ற டிவி முறையில் வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 ஃபீல்டு. டிவிடி அதை அப்படியே ஏற்கும், அசைவும் வழுவழுப்பாக இருக்கும். ஃபீல்டு வரிசையில் மட்டும் கவனம் தேவை: டிஜிட்டல் வீடியோ (DV) கேம்கார்டர் கோப்பு என்றால் கீழ் ஃபீல்டு முதலில், கேசட்டைக் கணினியில் பதியும் கேப்சர் கார்டுகள் பெரும்பாலும் மேல் ஃபீல்டை முதலில் தரும். மாற்றிக் கொடுத்தால் கணினித் திரையில் தவறு தெரியாமல் போகலாம், டிவியில் போட்டதும் தவில் அடிப்பவர் கை முன்னும் பின்னுமாக உதறும்.

மற்றவை சுருக்கமாக: ஜிஓபி (ஒரு முழு ஃபிரேமில் தொடங்கிச் சேர்த்துச் சுருக்கப்படும் ஃபிரேம் தொகுதி) நீளம் 15 ஃபிரேமுக்கு மேல் கூடாது, விகிதம் 4:3, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3 (டால்பி டிஜிட்டல் சுருக்கம்). சில மென்பொருள்கள் ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக வைத்துவிடும்; அது 1536 கேபிபிஎஸ்ஸை விழுங்கும், அத்தனையும் படத்துக்குச் சேர வேண்டிய பங்கு. கேசட் படத்தின் அடியில் துடிக்கும் பத்துப் பன்னிரண்டு வரிகளைக் கறுப்பால் மறைத்துவிடுங்கள். இரைச்சல் குறைப்பான் லேசாகப் போட்டாலும் போதும், புள்ளி இரைச்சலுக்குச் செலவாகும் பிட்கள் முகங்களுக்குக் கிடைக்கும்.

டிவிடி தட்டை உருவாக்கும் டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருள்களில் மெனு அமைக்கும்போது, என்கோட் செய்த கோப்பை "நகலெடு" என்றே கொடுங்கள். இல்லாவிட்டால் அது மறுபடி என்கோட் செய்து தரத்தைக் கெடுக்கும். தட்டை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். மலிவான தட்டுகளில் படிப்புப் பிழை அதிகம் வருவது வெளி விளிம்பில்தான், கடைசி அத்தியாயம் அங்கேதான் இருக்கும். முதல் பிரதியை அழித்தெழுதும் ஆர்டபிள்யூ தட்டில் எழுதி, யார் வீட்டுக்குப் போகிறதோ அந்தப் பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள்.