பப்பாளிக்காய், ஜிங்க் மாத்திரை, ஊதா மூடி டியூப்

செட்டிநாட்டுச் சமையலில் கறி முற்றலாக இருந்தால் ஆச்சிமார் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவார்கள். கறி பஞ்சாக வெந்துவிடும். காயின் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதி புரதத்தை வெட்டுவதுதான் காரணம். இதே பப்பேனைக் கொண்டுதான் 1959-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ரோட்னி போர்ட்டர் முயல் ரத்தத்தின் ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதத்தை, மூன்றாக வெட்டினார். இரண்டு துண்டுகள் கிருமியைப் பிடிக்கும் கைகள். மூன்றாவது, மற்ற காவல் புரதங்களையும் செல்களையும் துணைக்கு அழைக்கும் வால். 1972-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, பப்பாளி சாப்பிட்டால் நம் ஆன்டிபாடியும் வெட்டுப்படுமோ என்று பயப்படுவது தவறு. குழம்பு நன்றாகக் கொதிக்கும்போது நொதி செயலிழந்துவிடும். பழமாகத் தின்றாலும் அதுவும் ஒரு புரதம்தானே, பெரும்பாலும் வயிற்றிலேயே செரித்துவிடும். மீறி ரத்தத்துக்குள் கொஞ்சம் நுழைந்தாலும் அதைப் பிடித்து அடக்கும் புரதங்கள் அங்கே இருக்கின்றன. (கர்ப்பிணிகளைப் பப்பாளிக்காய் வேண்டாம் என்பது வேறு விஷயம்.) எதிர்ப்புச் சக்திக்கென்று நொதி மாத்திரை வாங்குவதும் இதே காரணத்தால் வீண்.

எனக்கு அதிகம் கவலை தருவது ஜிங்க்தான். கொரோனா காலத்தில் தொடங்கிய மாத்திரையை இன்னும் விடாதவர்கள் உண்டு. ஆன்டிபாடி உருவாக்கும் செல்களுக்கு ஜிங்க் வேண்டும், உண்மை. ஆனால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்தான் உச்ச அளவு. சில மாத்திரைகளில் ஒன்றிலேயே 50 இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாதக்கணக்கில் அளவு மீறினால் குடல் செம்புச் சத்தை உறிஞ்சுவது குறையும். ரத்தசோகை வரும், கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் குறையும். எதற்காகச் சாப்பிட்டோமோ அதற்கே கேடு.

அப்புறம், ரத்தப் பரிசோதனையில் நடக்கும் தவறு. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இடிடிஏ என்ற ரசாயனம், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கட்டிப்போடும். ஆன்டிபாடியின் வால் துணைக்கு அழைக்கும் காவல் புரதங்களான காம்ப்ளிமென்ட் புரதங்களோ, முதல் கூட்டு சேரக் கால்சியமும் அடுத்த படிக்கு மெக்னீசியமும் இல்லாமல் இயங்காது. அந்த டியூபில் எடுத்து அவற்றின் செயல்திறனைப் பார்த்தால், நல்ல உடம்புக்காரருக்கும் தவறாகக் குறைந்து காட்டலாம். அதற்காகக் கால்சியம் மாத்திரை தின்றால் காம்ப்ளிமென்ட் கூடும் என்று நினைக்காதீர்கள். ரத்தத்தின் கால்சிய அளவை உடம்பே இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்.

சூடும் காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கு ஆகாது. 56 டிகிரி செல்சியஸில் அரை மணி வைத்தால் காம்ப்ளிமென்ட் செயலிழக்கும், ஆன்டிபாடி தாங்கும். அறை வெப்பத்தில் கிடந்தாலே மெல்லத் திறன் குறையும். காரைக்குடியில் எடுக்கும் ரத்தம் வெளியூர் லேபுக்குப் போகிறதென்றால், சீரத்தை (ரத்தம் கட்டியான பின் மேலே நிற்கும் தெளிநீரை) பிரித்து, பனிக்கட்டிபோல் உறையவைத்து அனுப்புவார்களா என்று முன்பே கேளுங்கள். முடிவு குறைவாக வந்தால், எந்த டியூபில் எடுத்தார்கள், எப்படி அனுப்பினார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.