மாட்ரிகல் பாடல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவிதைக்குப் பல குரல்களில் இசையமைத்த பாடலான மாட்ரிகலைப் பெருங்குழுவினர் மேடையில் நின்று பாடும் இசையாக எண்ணுவதே, என் கணிப்பில், மற்றப் பிழைகளுக்கெல்லாம் வழிவிடும் முதற்பிழை. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இப்பாடல்கள் குரலுக்கு ஒன்றாகத் தனித்தனிச் சிற்றேடுகளில் அச்சிடப்பட்டன. ஐந்து குரல் பாடலென்றால் ஐந்து ஏடுகள், பெரும்பாலும் ஏட்டுக்கு ஒரே பாடகர். எல்லாக் குரல்களையும் ஒருங்கே காட்டும் பக்கமோ தாளத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகளோ அவற்றில் இல்லாமையால், பாடுவோர் ஒருவரையொருவர் செவியால் பின்தொடர்ந்தே பாட வேண்டியிருந்தது. நாற்பது பேர் சேர்ந்து பாடினால் அந்த உரையாடல் மங்கிவிடும். கருவிகளே கூடாது என்பதும் இதனோடு ஒட்டிய தவறுதான்: இசையமைப்பாளர் மோன்தெவெர்தியின் ஐந்தாம் மாட்ரிகல் தொகுதியில் (1605) கடைசி ஆறு பாடல்களைக் கருவித்துணையின்றிப் பாடவே இயலாது.

14ஆம் நூற்றாண்டிலும் மாட்ரிகல் என்றொரு வடிவம் இருந்தது. இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது. 16ஆம் நூற்றாண்டு மாட்ரிகல் இத்தாலியர் மட்டுமே வளர்த்த கலை என்பதும் சரியன்று. தொடக்ககால முன்னோடிகளான வெர்தெலோ, ஆர்க்கடெல்ட், வில்லார்ட் மூவரும் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள்.

அச்சில் உள்ள சுரங்கள் மட்டுமே பாடப்பட்டன என்று கொள்வது இன்னும் நுட்பமான தவறு. 1580இல் இத்தாலிய நகரான ஃபெர்ராராவின் டியூக் இரண்டாம் அல்ஃபோன்சோ தம் அரண்மனையில் லாரா பெவரரா முதலிய பெண் பாடகியரைக் கொண்டு ஓர் இசைக்குழுவை அமைத்தார். அவர்களுடைய பாடல்கள் தேர்ந்த விருந்தினர் செவிக்கு மட்டுமே உரியவையாகக் காக்கப்பட்டன. டியூக் 1597இல் இறந்து, அரண்மனைக் குழுவும் கலைந்த பிறகு, 1601இல் அந்த அரண்மனையின் இசையமைப்பாளர் லுட்சாஸ்கி வெளியிட்ட நூலில்தான் அவர்கள் பாடிய விரைவான சுர அலங்காரங்களை எழுத்து வடிவில் காண முடிகிறது. பெண்கள் பாடியதோடு நின்றார்கள் என்றும் எழுதிவிடக் கூடாது. மத்தலேனா கசுலானா 1568இலேயே தம் மாட்ரிகல் தொகுதியை அச்சிட்டவர்.

இசையமைப்பாளர் ஜெசுவால்தோவைப் பற்றிய தவறுதான் எனக்கு மிகுந்த சலிப்பைத் தருவது. அவர் 1590இல் மனைவியைக் கொலை செய்தார். அவருடைய இசையில் திடுக்கிட வைக்கும் அரைச்சுர நகர்வுகளுக்கு அக்குற்றத்தின் மனவேதனையே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அந்நகர்வுகள் உச்சத்தை எட்டும் ஐந்தாம், ஆறாம் தொகுதிகள் வெளிவந்த ஆண்டோ 1611. இடையில், 1594இல், அவர் ஃபெர்ராராவில் மறுமணம் செய்துகொண்டு லுட்சாஸ்கியின் இசையை நெருங்கிக் கேட்டிருக்கிறார். அவ்வூரில் இசையமைப்பாளர்கள் விசென்தினோவும் ரோரேவும் அரைச்சுரங்களைச் சோதித்துப் பார்த்தது அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பு.