சினிமாச் சொற்களின் வேரைத் தேடுவது எப்படி?

சினிமாவைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களில் பல சினிமாவுக்கென்று பிறந்தவை அல்ல. நாடக அரங்கிலும் போர்க்களத்திலும் புழங்கியவை பிற்காலத்தில் இங்கே குடிவந்திருக்கின்றன. எனவே, ஒரு சொல்லின் வேரைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, சினிமா தோன்றுவதற்கு முன் இச்சொல் எங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதுதான்.

ஃபிலிம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்றைய பொருளிலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினால், திரையில் ஓடும் கதைக்கு முன்பு அது செல்லுலாய்டு சுருளையும், சுருளுக்கு முன்பு ஒளிப்படத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய பூச்சையும், அதற்கும் வெகு காலம் முன்பு, பழைய ஆங்கிலத்தில், உடலிலுள்ள மெல்லிய சவ்வையும் குறித்தது தெரியவரும். நம்முடைய படம் என்ற சொல்லும் இதே போல்தான்: துணியைக் குறித்த சொல், துணியில் தீட்டிய ஓவியத்துக்கு ஆகி, இப்போது திரையில் ஓடுவதற்கும் ஆகிவிட்டது.

அடுத்து, சொல் நீளமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். மக்கள் வாய் நீண்ட சொற்களை நறுக்கிவிடும். லூமியேர் சகோதரர்கள் 1895-இல் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டிய கருவியின் பெயர் சினிமாட்டோகிராஃப். அசைவு, எழுதுதல் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அதன் தலைப்பகுதி மட்டுமே சினிமாவாக எஞ்சியது. மூவிங் பிக்சரிலிருந்து வந்த மூவியும் இப்படி நறுக்கப்பட்டதே.

கேமரா என்பது லத்தீனில் வளைந்த கூரையுள்ள அறை. இருட்டறையின் சிறு துளை வழியே வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுவதைக் கண்டவர்கள் அந்த ஏற்பாட்டை இருட்டறை என்ற பொருளில் கேமரா அப்ஸ்குரா என்றழைத்தார்கள். அறை சுருங்கிப் பெட்டியான பின்பும் பெயர் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றச் செய்திகளில் வரும் இன்-கேமரா விசாரணை என்பதைப் படம்பிடிக்கப்படும் விசாரணை என்று நினைப்பவர்கள் உண்டு. மூடிய அறைக்குள் நடக்கும் விசாரணை என்பதே அதன் பொருள்; படம்பிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சுவையான கதை கிடைத்தால் உடனே நம்பிவிடக் கூடாது; ஆண்டைச் சரிபார்க்க வேண்டும். பிளாக்பஸ்டர் என்பது தெருமுனையைச் சுற்றி நீளும் வரிசையால் வந்த பெயர் என்று சிலர் விளக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சொல் 1940-களின் தொடக்கத்தில், கட்டடத் தொகுதி ஒன்றையே தகர்க்கவல்ல பெரிய வெடிகுண்டுக்குச் செய்தித்தாள்கள் சூட்டிய பெயர். விளம்பரக்காரர்கள் அதைப் படங்களுக்கு எடுத்துக்கொண்டது அதன் பிறகே. பாக்ஸ் ஆபீஸ் என்பதையும் ஷேக்ஸ்பியர் காலத்து நாடக அரங்கில் காசு வாங்கிய உண்டியலோடு முடிச்சுப் போடுவார்கள். நாடக அரங்கின் தனி அடைப்பு இருக்கைகளான பாக்ஸ்களுக்கு இடம் பதியும் அலுவலகம் என்ற விளக்கமே 18-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளோடு பொருந்துகிறது. இத்தகைய சோதனைக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி மிகவும் உதவும். ஒரு சொல்லின் பொருள்களைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுடன் மேற்கோள் தருவது அதன் வழக்கம்.

அகராதி மட்டும் போதாத இடங்களும் உண்டு. அங்கே தொழில் நடந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். டிரெய்லர் என்றால் பின்னால் இழுபட்டு வருவது. படத்துக்கு முன்னால் காட்டப்படுவதற்கு இப்பெயர் ஏன் என்ற ஐயத்துக்கு விடை, 1910-களின் அமெரிக்கத் திரையரங்கில் இருக்கிறது. அன்று வரப்போகும் படத்தின் விளம்பரத் துண்டைப் படம் முடிந்த பிறகுதான் ஓட்டினார்கள். பார்வையாளர்கள் அதற்குள் எழுந்து போய்விடவே, துண்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்; பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.