குத்தகைத் தேதியில் நின்றுபோன கடன்: என் அனுபவம்

அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்துவந்த ஒரு துரித உணவகக் கிளையை வாங்குவதற்காக, சிறுதொழில் நிர்வாகம் (SBA) என்ற அரசு அமைப்பின் 7(ஏ) கடன் திட்டத்தில் கடன் கேட்டிருந்தேன். இத்திட்டத்தில் பணம் தருவது வங்கிதான். 1,50,000 டாலரைத் தாண்டும் கடனில் பொதுவாக 75 விழுக்காட்டுக்கு அரசு உத்தரவாதம் அளிக்கிறது.

கடன் 10 ஆண்டுகளுக்கு. கடையின் குத்தகையோ 4 ஆண்டுகளில் முடிகிறது. வங்கி அதிகாரி பத்திரத்தில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டிய பிறகே, கடன் தீருமுன்பே கடை கைவிட்டுப் போகலாம் என்பதால்தான் மனு நகரவில்லை என்று எனக்கு விளங்கியது. விற்பவரையும் அழைத்துக்கொண்டு கட்டட உரிமையாளரிடம் நேரில் போனேன். வாடகை உயர்வைப் பழைய விகிதத்திலேயே ஏற்பதாகவும், வாடகைக்கு நானே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று கையெழுத்து இடுவதாகவும் நான் சொன்னபின், அவர் தலா 5 ஆண்டுகளுக்கு இரண்டு நீட்டிப்பு உரிமைகளைச் சேர்த்துத் திருத்தப் பத்திரம் எழுதித் தந்தார். ஆறு வாரம் ஆனது. ஆனால் அந்த ஒரு தாள்தான் கடனைக் காப்பாற்றியது.

மற்றொரு தடை என் பங்குத்தொகை. மொத்தச் செலவில் குறைந்தது 10 விழுக்காட்டை வாங்குபவர் போட வேண்டும். அதில் ஒரு பகுதி அண்ணன் அனுப்பியது. கணக்கில் திடீரென விழுந்த தொகை என்பதால் வங்கி ஏற்கவில்லை. திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று அண்ணன் எழுதிய கடிதத்தையும், அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையையும் கொடுத்தேன். அடுத்த வாரமே ஒப்புதல் வந்தது.