மூல அறுவைக்குப் பின் வரும் முதல் வாரங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூலநோயை வெளியே சொல்பவர்கள் குறைவு. பால்மரம் வெட்டிய காலத்திலும் சரி, செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் இக்காலத்திலும் சரி, 'உடம்புச் சூடு' என்று சொல்லி மோர் குடித்தே நாளைத் தள்ளுகிறோம். மலத்தோடு இரத்தம் கண்டால் முதலில் அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். பெருங்குடல் புற்றுநோயிலும் இப்படி இரத்தம் வரக்கூடும் என்பதால், மருத்துவர் பரிசோதிக்காமல் அதை மூலம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

எல்லா மூலத்துக்கும் கத்தி தேவையில்லை. தொடக்க நிலையில் உணவு மாற்றமோ, மூலத்தின் அடியில் இறுக்கமான ரப்பர் வளையம் போட்டு அதைச் சுருங்க வைப்பதோ பெரும்பாலும் போதும். கையால் தள்ளினால்தான் உள்ளே போகும் மூன்றாம் நிலையும், தள்ளினாலும் போகாத நான்காம் நிலையுமே பெரும்பாலும் அறுவைக்கு வருகின்றன. 1937இல் லண்டனில் மில்லிகன், மோர்கன் என்ற அறுவை மருத்துவர்கள் விவரித்த முறையில், மூலத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புண்ணைத் தைக்காமல் தானாக ஆறவிடுவார்கள். மூலத்தை மேலே இழுத்து ஸ்டேப்ளர் கருவியால் பொருத்தும் முறையில் வலி குறைவு, ஆனால் மூலம் திரும்ப வரும் வாய்ப்பு சற்று அதிகம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பக் காருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவது வேண்டவே வேண்டாம்.

அறுவையைவிடக் கடினமானது, அதன்பின் முதல்முறை மலம் கழிப்பதுதான். எனக்கு அறுவை நடந்தபோது, வலிக்குப் பயந்து மூன்று நாள் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். நான்காம் நாள் விடியற்காலை, கழிவறைக் கதவின் தாழ்ப்பாளை இறுகப் பிடித்தபடி நான் பட்ட பாடு, பட்டினி கிடந்ததால் வந்ததே தவிர அறுவையால் வந்ததன்று. சாப்பிடாமல் அடக்கி வைத்தால் மலம் இறுகிப் புண்ணைக் கிழிக்கும். ஆகவே அறுவை நடந்த அன்றே சாப்பிடத் தொடங்குங்கள்: பப்பாளி, காங்கோங் கீரை, முருங்கைக்கீரை, ஓட்ஸ், நிறையத் தண்ணீர். புண் ஆறும் என்று உறவினர்கள் கொண்டுவரும் விரால் மீன் சூப்பைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அதில் நார்ச்சத்து கிடையாது, கீரைக்கு அது ஈடாகாது. டிராமடால் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், மருத்துவர் தரும் மலமிளக்கியை, லாக்டுலோஸ் ஆனாலும் வேறு எதுவானாலும், விடாமல் சாப்பிட வேண்டும்.

அகலமான பிளாஸ்டிக் பேசினில், குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். நாளுக்கு மூன்று முறையும், மலம் கழித்த பிறகும் இப்படிச் செய்தால் இறுகிய தசை தளர்ந்து வலி அடங்கும். டெட்டோல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். பழைய லயத்து வீடுகளில் குந்தும் கழிவறைதான் என்றால், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைச் சில வாரங்களுக்கு இரவல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். முக்கவும் கூடாது, நெடுநேரம் உட்காரவும் கூடாது.

முதல் நாட்களில் சிறிது இரத்தக் கறை படிவது இயல்பே. ஏழாம் நாளையொட்டி, சிலருக்கு அதற்குப் பின்னும், திடீரென அதிக இரத்தம் வரக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, நிற்காமல் ஒழுகினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அறுவைக்குப் பின் சிறுநீர் கழிக்க முடியாமல் வயிறு உப்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 999ஐ அழையுங்கள்.

அலுவலக வேலைக்கு இரண்டு வார ஓய்வு பெரும்பாலும் போதும். குலை ஏற்றுபவருக்கு அது போதாது, ஏனெனில் பாரம் தூக்கும்போது அடிவயிற்றில் ஏறும் அழுத்தம் நேராகப் புண்ணில் இறங்குகிறது. புண் முழுதாக ஆறவோ 4 முதல் 6 வாரம் பிடிக்கலாம். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எழுதும்போதே உங்கள் வேலை என்னவென்று மருத்துவரிடம் விளக்கி, பாரம் தூக்கக் கூடாது என்று தனிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லைத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் மறந்துவிடலாம். கடிதம் ஆபீசில் கோப்பில் இருக்கும்.