கல்லடியால டவுனுக்கு நடந்து போறாக்களுக்கு ஒரு சின்ன விசயம்

காத்தான்குடி, நாவற்குடா பக்கமிருந்து மெயின் றோட்டால மட்டக்களப்பு டவுனுக்கு நடந்து வாறண்டா கல்லடில புதுப்பாலத்தில ஏறாதீங்க, பக்கத்தில இரிக்கிற பழைய இரும்புப் பாலத்தால போங்க. 1924ல திறந்த பாலம், லேடி மெனிங் பாலம் எண்டுதான் பேர், 2013ல புதுசு வந்தாப்பிறகு பஸ், லொறி எல்லாம் அங்கால போயிட்டு, இதில சைக்கிளும் மோட்டசைக்கிளும்தான், அதுவும் பின்னால வந்து ஹோர்ன் அடிக்கும், ஒதுங்கிக் குடுத்தாச் சரி.

காலம வெள்ளன வெளிக்கிடுங்க. டவுன் மேற்கால இரிக்கிறதால காலம வெயில் முதுகிலதான் படும், பின்னேரம் திரும்பி வரக்குள்ளயும் முதுகுப் பக்கம்தான், மத்தியானம் மட்டும் வேணாம். கச்சான் காத்து, அதுதான் தென்மேல் காத்து, அடிக்கிற நாளையில பாலத்தில குடை விரிக்காதீங்க, எண்ட குடை நடுப்பாலத்தில பூ மாதிரி விரிஞ்சு கம்பி ரெண்டு முறிஞ்சு போச்சு, தோணில வலை வீசிக்கொண்டு நிண்டவர் நிமிந்து பாத்துச் சிரிச்சார். தொப்பி போதும்.

பாலம் தாண்டி அரசடிப் பக்கம் நடக்கக்குள்ள றோட்டுக்கு வலப்பக்கமா நடங்க, அப்பதான் எதிரால வாற வாகனம் கண்ணுக்குத் தெரியும். பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்தடி வந்தா காந்தி பூங்கால வாவிக்கரைக் காத்துக்கு கொஞ்சம் இருங்க. இந்த வாவில மீன் பாடுமெண்டு சொல்லுவாங்க, அதக் கேக்க ஆசையெண்டா அது பூரணை ராவில தோணில போய்த்தான், துடுப்பத் தண்ணிக்க விட்டு மத்தப் பக்கத்தில காத வைக்கோணும், பகல்ல பாலத்தில நிண்டா ஹோர்ன் சத்தம்தான்.