03/04/2024 என்பது ஏப்ரலா, மார்ச்சா?

எழுத்துச் சரமாக வந்த தேதியை எஸ்கியூஎல் சர்வர் (SQL Server) தரவுத்தளத்தில் தேதி வகைக்கு மாற்றும்போது, வடிவத்தை ஊகிக்கும் வேலையைத் தரவுத்தளத்திடம் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க ஆங்கில அமைப்பில் அது மாதத்தையே முதலில் எதிர்பார்க்கும். 25/04/2024 வந்தால் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. ஆனால் ஏப்ரல் 3 என்று நாம் கருதி எழுதிய 03/04/2024, சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகப் பதிவாகிவிடும். நாள் 12 வரை உள்ள வரிகளில்தான் இந்த ஆபத்து. அதனால் மாதக் கணக்கு முடிக்கும்வரை யார் கண்ணிலும் படாது.

தேதியை மாற்றித் தரும் கன்வெர்ட் (CONVERT) செயற்கூறின் மூன்றாவது இடத்தில், தேதி வடிவத்தைக் குறிக்கும் பாணி எண்ணைத் தவறாமல் கொடுங்கள். நாள்-மாதம்-ஆண்டு என்றால் 103, மாதம் முதலில் என்றால் 101. கோப்பில் குப்பைத் தரவும் கலந்திருக்கும் என்று தோன்றினால் டிரை_கன்வெர்ட் (TRY_CONVERT) பயன்படுத்துங்கள் (2012 பதிப்பு முதல் இருக்கிறது). மாற்ற முடியாத வரிக்கு அது NULL என்ற வெற்று மதிப்பைத் தரும். அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

2024-04-03 என்று கோடிட்டு எழுதினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் டேட்டைம் (datetime) வகையில், பிரிட்டிஷ் மொழி அமைப்பில், அதுவும் மார்ச் 4 ஆகிவிடும்! இடைக்குறி இல்லாத 20240403 எந்த மொழி அமைப்பிலும் மாறுவதில்லை. கோப்பை அனுப்புபவரிடம் இந்த வடிவத்தையே கேட்டு வாங்குங்கள்.